நாலு மூலைக்கும் மஞ்சள்

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுச் சேதியெல்லாம் என் கையெழுத்தில்தான் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வருவார், பேனாவைத் தொடமாட்டார். மிச்சம் இருந்தவள் மூன்றாம் வகுப்பு படித்த நான்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஒண்டுக்குடித்தனம். வெள்ளிக்கிழமை அம்பாளைக் கும்பிட்டுவிட்டு வந்ததும் அம்மா நீலநிற இன்லண்ட் கடிதத்தை என் முன்னால் விரிப்பாள். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது, குழாயில் தண்ணீர் வராதது, முருங்கை காய்த்தது, எல்லாம் எழுதச் சொல்வாள்.

"முருங்கக்கா கொழம்பு வெச்சத எழுதாதடி. புள்ளைக்கு நாக்கு ஏங்கிப் பூடும்" என்பாள். எழுதியதை நான் அடித்ததும், "சரி, எழுது. வூட்டு நெனப்பாவது வரட்டும்" என்பாள். மறுபடியும் எழுதுவேன்.

ஒட்டி முடித்ததும் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தி வைப்பாள். சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவது அப்போது வழக்கம். கடிதத்தைப் பிரிக்கும் முன்பே பிள்ளைக்கு மனசு நிம்மதியாக வேண்டும் என்பது அவள் எண்ணம். ஒருநாள் நான் வைக்கப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. "பெத்தவ கைதான் படணும்."

அப்பாவுக்கு இது ஒரு வேடிக்கை. "அடுத்த தபா பூவும் சுத்தி அனுப்பு" என்பார். அண்ணனும் எழுதியிருந்தான், கூட இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்களாம்.

எழுபத்தொன்றில் சண்டை மூண்டது. அண்ணன் எல்லைக்குப் போய்விட்டான். அம்மா கோயிலே கதி என்று கிடந்தாள். அந்த நேரம் பார்த்து, பட்டறைக்குப் போன அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. சித்தப்பா கொள்ளி வைத்தார். வைத்துவிட்டு வந்தவர் தந்தி அடிக்கக் கிளம்பினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி இது? அப்பன் பூட்டது பெத்த புள்ளைக்குத் தெரிய வேணாமா? ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டும், தொடச்சிக்கிறேன். துப்பாக்கியப் புடிச்சிக்கினு நிக்கிறவன் கண்ணுல தண்ணி ரொம்பினா எதிர்ல வர்றவன் தெரிவானா? அவன் வந்து சேரட்டும். நானே சொல்றேன்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுதிய கடிதத்தில் கன்றுக்குட்டியைப் பற்றியே நிறைய எழுதச் சொன்னாள். அப்புறம் சொன்னாள், "அப்பா ஒனக்காவ சாமிகிட்டயே நிக்கிறாருன்னு எழுது."

"பொய்யிம்மா அது."

"இதுல எதுடி பொய்யி?"

எழுதினேன்.

ஒட்டியதும் மஞ்சள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நீயே வெய்யி." அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. முகத்தில் எப்போதும் இருக்கும் மஞ்சளும் இல்லை. பெற்றவள் கைதானே படவேண்டும் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கையெழுத்து திருந்தியதற்கு இந்தப் பதவி உயர்வு என்று நினைத்தேன். மூலைக்கு ஒன்றாக, சுத்தமாக, சின்னதாக வைத்தேன். அம்மா வைப்பதைவிட லட்சணமாகத்தான் இருந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்று பெட்டிக்கடை ரேடியோ சொன்னது. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரம் அம்மா சந்து முனையில் போய் நிற்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மார்கழிப் பனியில் விடிகாலை பஜனை கடந்து போகும்போது அவள் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டபடியே இருப்பாள்.

அம்பாள் கைவிடவில்லை. கடிதம் வந்தது. உரக்கப் படித்தேன். ஒரு கீறல்கூட இல்லை, லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தான். எப்போதும் 'அப்பா அம்மாவுக்கு' என்று ஆரம்பிப்பவன் இந்தத் தடவை 'அம்மாவுக்கு' என்று மட்டும் ஆரம்பித்திருந்தான். கடைசியில் இப்படி இருந்தது: "இந்த முறை மஞ்சள் வைத்தது பாப்பா போலிருக்கிறது. விரல் சின்னதாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்."

அம்மா கடிதத்தைப் பிடுங்கினாள். "எங்கடி அது? எந்த வரி?" என்றாள். விரலால் காட்டினேன். அந்த இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்டுபுடிச்சிட்டான்டி, எம்புள்ள கண்டுபுடிச்சிட்டான்" என்று அழுதாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அண்ணன் என் விரலைக் கண்டுபிடித்துவிட்டானே! பக்கத்துக் குடித்தனங்களுக்கெல்லாம் கேட்கும்படி அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.