பவளத் தொட்டியும் ஈர சொக்ஸும்

பெரிய பெட்டி என்றால் நல்ல பெட்டி என்று நம்பிய ஆள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கராக இருந்தபோது, கடலே தெரியாத மலையில், கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்த்தேன். அதன் மெட்டல் ஹேலைட் பல்பு 250 வாட். பல்பை இயக்கும் பாலஸ்ட் பெட்டி வாங்கக் கொழும்புக்குப் போய், 400 வாட்டுக்கானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெளிச்சம் கூடினால் பவளத்துக்கு நல்லதுதானே!

பெட்டி நன்றாகச் சுட்டது. மழை மாதத்தில் துணி காயாத ஊர் என்பதால், அதன்மேல் என் ஈர சொக்ஸைப் பரப்பி, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு பிற்பகல், மகள் தொட்டியருகே படித்துக்கொண்டிருந்தாள். கடிதம் ஒன்று எழுதி வாங்க வந்த ஃபெக்டரி எலக்ட்ரீஷியன் செல்வராஜ், வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். சொக்ஸ் கருகியிருந்தது, பல்பின் உள்குழாய் புடைத்திருந்தது.

“ஐயா, பல்பு தாங்குறது இருநூத்தம்பது, நீங்க குடுக்கிறது நானூறு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாப்பா மூஞ்சியிலேயே வெடிச்சிருக்குமுங்க!”

இப்போது பல்பிலும் பாலஸ்ட்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். பெட்டியின்மேல் எதையும் வைப்பதில்லை. செல்வராஜை நன்றியோடு நினைக்காமல் அந்த விளக்கைப் போட்டதும் இல்லை.

அன்று அவர் போனபின் மனைவி சொன்னாள்: “நல்லவேளை, அந்த மனுசன் மோப்பம் பிடிச்சாரு. நான் உங்க சொக்ஸோட வழக்கமான நாத்தம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.”