வாத்துக்கு வழி போட்டவர்கள்

டோல்கேட் ஏரியாவில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் டிசைன் கடைக்குக் கல்யாண சி.டி.தான் பிழைப்பு. மணமக்கள் படத்தைச் சுற்றி இதயம் பறக்க வேண்டும், ரோஜா உதிர வேண்டும். அதை நான் நன்றாகவே செய்வேன். நன்றாக வரும் வேலையே சலித்துப்போனால் ஒரு எரிச்சல் வரும் பாருங்கள், அது லேசில் போகாது. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பறவைக்காரர்கள் கடைக்கு வந்தார்கள்.

அவர்கள் சார்பில் பேசியவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மேடம். அவருடைய பறவைக் குழு திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் கண்காட்சி வைக்கப்போகிறது. வலசை வரும் பறவைகளைப் பற்றித் தொடுதிரையில் ஒரு படம் வேண்டுமாம். ரயில் நிலையத்தில் டிக்கெட் நிலவரம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரித் திரை. சரியாக அமைந்தால் அதைப் பள்ளி பள்ளியாக எடுத்துப்போவார்கள், அந்த வேலை முழுக்க எனக்கு. அமையாவிட்டால் மறுபடி இதயமும் ரோஜாவும்தான். அந்த வேலை எனக்கு வேண்டும். கிடைக்குமோ கிடைக்காதோ என்று நான் ஒன்றும் பயந்து சாகவில்லை. கிடைக்க வைப்பது என்று இருந்தேன்.

மேடம் கொடுத்த தகவல் எளிமையானது. ஏதோ ஒரு நாட்டில் பறவையைப் பிடித்துக் காலில் எண் போட்ட வளையம் மாட்டிவிடுகிறார்கள். பிறகு வேறெங்காவது அதே வளையத்தோடு அது அகப்பட்டால், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். வடக்கே குளிர்நாட்டு ஏரி ஒன்றில் வளையம் மாட்டிய வாத்து பழவேற்காட்டில் அகப்பட்டிருந்தது. வரைபடத்தில் அது இரண்டு புள்ளி.

முதலில் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு வாத்தைப் பறக்கவிட்டேன். அழகான வளைவில், சிறகடித்துக்கொண்டு, பின்னால் இசையோடு. கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. மளிகை மொத்த வியாபாரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியவர். பார்த்துப் பூரித்துப்போனார். மேடத்துக்கும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் உறுத்தியது. கல்யாண சி.டி.யில் இதயம் பறக்கும் அதே வளைவு அது. நான் இழுத்த வளைவு. வாத்து எந்த மலையைத் தாண்டியது, எந்தக் குளத்தில் இறங்கி இளைப்பாறியது என்று எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. ஆனால் திரையில் ஓடினால் பார்க்கிற சனம் அப்படியே நம்பும்.

ஆகவே இன்னொன்று செய்தேன். சிவப்பில் இரண்டு புள்ளி, நடுவில் வெறும் நிலமும் கடலும். மேல் புள்ளியைத் தொட்டால் வளையம் மாட்டிய விவரம் வரும். கீழ்ப் புள்ளியைத் தொட்டால் நம் கடற்கரை பெரிதாக விரியும். பழவேற்காட்டிலிருந்து ராயபுரம் வரை அவரவர் ஊரை அவரவர் தேடிக்கொள்ளலாம்.

“என்னம்மா இது, பொட்டக்காடா கெடக்கு? வாத்து எங்க?” என்றார் அண்ணாச்சி.

“நடுவுல அது எங்க இருந்துச்சுன்னு தெரியாது அண்ணாச்சி. தெரியாதத எப்டி காட்றது?”

“தெரியலன்னு காட்டவா நம்மகிட்ட வாராவ? தெரிஞ்ச மாதிரி காட்டத்தான வாராவ!”

மேடம் அவ்வளவு பட்டென்று சொல்லவில்லை. “நீ சொல்றது சரிதாம்மா. ஆனா காலித் திரை முன்னாடி யார் நிப்பாங்க?” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி என்று தெரிந்த பிறகும் என்ன ஆனால்? “ரெண்டையும் வைங்க மேடம். எதுகிட்ட சனம் நிக்குதுன்னு கடைசி நாள் பாத்து முடிவு பண்ணுங்க” என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் பறக்கும் வாத்தைச் சுற்றித்தான் கூட்டம். வந்தார்கள், ரசித்தார்கள், நகர்ந்தார்கள். என் திரைக்கு வந்தவர்களோ, வீட்டு டி.வி.யைத் தட்டுகிற மாதிரி அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டினார்கள். “இன்னாமா, மிசினு பூட்ச்சா?” என்று கேட்டார்கள்.

ஆனால் தட்டியவர்கள் உடனே போய்விடவில்லை. மேல் புள்ளியில் விரலை வைத்துக் கீழ்ப் புள்ளி வரைக்கும் இழுத்துப் பார்த்தார்கள். காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த பெண்களின் விரல், புள்ளியைக் கண்டால் சும்மா இருக்குமா? அதைப் பார்த்து ஆண்களும் இழுத்தார்கள். வள்ளூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். அங்கே பக்கத்து அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத்துக்குப் பெருக்கும் வேலை பார்ப்பவர். மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கே வந்தார். “புள்ளி வெச்சிகீற, கோடு வுழலயே. அரகொறயா செஞ்சா எப்டிமா?”

அரைகுறை என்றதும் எனக்குச் சுட்டது. ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. மறுநாள் காலையில் பள்ளிக் கதவு திறக்கும் முன்பே போய் உட்கார்ந்து மாற்றினேன். விரல் போகும் வழியில் சாம்பல் நிறத்தில் கோடு விழும். நம் கரையை நெருங்கினால் ஊர்கள் பெரிதாகும். ஒருவர் போட்ட கோடு அழியாமல் அடுத்தவருக்கும் தெரியும். மேலே ஒரே கேள்வி: எந்த வழியாக வந்திருக்கும்?

அதற்குப் பிறகு என் திரைக்கு முன்னால் நிற்க இடமில்லை. நடந்ததெல்லாம் கூத்து. ராயபுரத்துக்காரர் போட்ட கோட்டில், வாத்து பழவேற்காட்டைத் தாண்டி நேரே மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப்போய் இறங்கியது. நான் குடியிருக்கும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து வந்த கும்பல், அதைக் கடலைவிட்டே உள்ளே இழுத்துவந்து, பந்தாடும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றவைத்து அனுப்பியது. பனிமலையும் பாலைவனமும் எல்லோருக்கும் ஒரே இழுப்புதான். சொந்த ஊர் வந்தால்தான் விரல் நிதானமாகும். எனக்கென்றால் பெருமை பிடிபடவில்லை.

கடைசி நாள் மேடம் வந்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த கோடுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இது தகவலா, கிறுக்கலா? எந்த வாத்தாவது வியாசர்பாடியச் சுத்திட்டுப் பழவேற்காட்டுக்குப் போகுமா?”

“போவாதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

பின்னால் நின்ற அண்ணாச்சி பலமாக இருமினார். நான் விடவில்லை. “செவப்புப் புள்ளி ரெண்டும் உங்களுது. அதுல யாரும் கை வெக்கல. சாம்பல் கோடு எல்லாம் எங்க ஊகம். எது தெரிஞ்சது, எது தெரியாததுன்னு இங்க வந்தவங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் பறக்கற வாத்தப் பாத்தவங்களுக்கு அது தெரியாது.”

வள்ளூர் அம்மா அன்றைக்கும் வந்திருந்தார், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு. மேடம் அவரிடம் திரும்பி, “உங்க ஊர்ல இந்த வாத்தப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“பாக்கல மேடம். அதுக்கின்னா இப்போ? அவ்ளோ தூரம் வர்து, நம்ம ஊர எட்டிப் பாக்காமயா பூடும்?”

எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. “நீங்க ஒரு கோடு போடுங்க மேடம்” என்று யாரோ சொல்ல, கூட்டம் வழிவிட்டது. மேடம் மேல் புள்ளியில் விரலை வைத்தார். படித்தவர் போடும் கோடு, இதுதான் சரியான வழியாக இருக்கும் என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். விரல் மெதுவாக இறங்கியது. பனிமலைக்கு வடக்கே வந்து நின்றது. வலப்பக்கம் கொஞ்சம் போய்த் திரும்பியது. பிறகு விரலை எடுத்துவிட்டார்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றார், கூட்டத்தைப் பார்த்து.

வள்ளூர் அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “வுடு மேடம், பரவால்ல. மிச்சத்த நா இஸ்துடறேன்.” மேடம் நிறுத்திய இடத்தில் விரலை வைத்து, மலையைத் தாண்டி, நேராக வள்ளூரில் கொண்டுபோய் இறக்கி, அப்புறம்தான் பழவேற்காட்டுப் புள்ளியில் சேர்த்தார்.

மேடம் குனிந்து, தன் கோடு முடிந்த இடத்தைத் தேடினார்; இரண்டு கோடும் ஒன்றாகக் கலந்திருந்தன. பிறகு அண்ணாச்சியிடம், “இந்தத் திரையையே ஸ்கூலுக்கெல்லாம் எடுத்துட்டுப் போகலாம். இந்தப் பொண்ணுதான் கூட வரணும்” என்றார். என்னிடம் திரும்பி, “நான் நிறுத்துன இடம் தெரியணும்மா. அங்க ஒரு இடைவெளி விடு” என்றார்.

வேலை கிடைத்ததைவிட அந்த இடைவெளியை அவராகவே கேட்டதுதான் என்னைக் கலங்கவைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அங்கேயே உட்கார்ந்து அதைப் போட்டுக் கொடுத்தேன்.