பாவு நேரத்தில் வந்த இன்ஜினியர்

லைன்மேன் கண்ணாயிரத்துக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். 1968-ல் அந்த ஊர்க் கிணறுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன், காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெரு வழியாகப் போவதாகத் திட்டம். மார்ச் முடிவதற்குள் கம்பம் நடாவிட்டால் லைன் வேறு ஊருக்குப் போய்விடும். அவருடைய அக்கா தேவகி ஏற்றம் இறைத்தே முதுகு ஒடிந்தவள். அதனால் மனிதர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் பறந்தார்.

நடுப்பகலில் கண்ணாயிரமும் அவர் ஆட்களும் வந்து, காலியாகக் கிடந்த தெருவின் மத்தியில் அளந்து முளை அடித்துவிட்டுப் போனார்கள். விடியற்காலையில் அங்கேதான் நாங்கள் நெசவுக்கான பட்டு நூலைப் பாவாகத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரிப்போம். கம்பம் நின்றால் பாவு எங்கே போகும்? முளைகளைப் பிடுங்கிப் போட்டோம். மறுநாளும் அடித்தார்கள், மறுபடியும் பிடுங்கினோம். நானும்தான் பிடுங்கினேன், இப்போது சொல்ல என்ன பயம்?

மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணாயிரம் சண்டைக்கே வந்துவிட்டார். வந்தவருக்கு, தெருவை அடைத்து நின்ற பாவைத் தாண்டி ஓர் அடி வைக்க இடமில்லை.

"இன்னாபா, பேருல ஆயிரம் கண்ணு வெச்சிக்கினு எங்க பாவு தெரியலையா?" என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஆதிகேசவன். தெருவே சிரித்தது. கண்ணாயிரமும் சிரித்துவிட்டார்.

"சரிங்க, கம்பம் எங்க நின்னா தோதுபடும்? நீங்களே காட்டுங்க."

சாக்கடை ஓரமாகக் காட்டினோம். அப்படிப் போனால் லைன் இரண்டு இடத்தில் வளையும், கம்பமும் கூடும். இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு முளைகூட நகரக்கூடாது என்பது விதி. மறுநாள் அதிகாலையிலேயே கண்ணாயிரம் அவரை அழைத்து வந்தார். கூடவே முசரவாக்கத்து விவசாயிகள் நாலு பேர்.

"சார், இத்த கொஞ்சம் புடிங்க, தோ வந்துடறேன்" என்று பாவின் முனையைக் கட்டியிருந்த கோலை இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டு ஆதிகேசவன் மறுகோடிக்குப் போனார். விட்டால் இழை சிக்கிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் இன்ஜினியர் அசையாமல் நின்றார். நடுத்தெருவில் கம்பம் ஏன் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கூடுதல் கம்பத்துக்குக் குழி நாங்க தோண்டறோம் சார்" என்றார்கள் விவசாயிகள். இன்ஜினியர் கஞ்சி காயாத கையாலேயே கையெழுத்துப் போட்டார். குழி வெட்ட எங்கள் தெருவும் இறங்கியது.

மார்ச் கடைசியில் முசரவாக்கத்தில் மோட்டார் ஓடுவதைப் பார்க்க எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடியது. தேவகி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள்.

"டேய், நான் இப்ப இன்னாடா செய்யறது?"

"உக்காருக்கா" என்றார் கண்ணாயிரம்.