வடிகட்டியில் அடைத்த பருத்தி

மகனுடைய பிக்கப் வண்டியில் மெக்கானிக் ஏர் ஃபில்டரை உருவினார். விசிறி மாதிரி மடித்த காகிதம். கடாசிவிட்டுப் புதியதை வைத்து மூடினார், வேலை முடிந்தது. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்ளும், அது கிடக்கட்டும். புழுதியும் எண்ணெயும் கலந்த அந்த வாடை இருக்கிறதே, அது என்னைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறோ முப்பத்தேழோ இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், உடுமலைப்பேட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள ஒரு பண்ணாடியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காற்று வடிகட்டி என்றால் தகர டப்பிக்குள் சுருட்டிய கம்பி வலை. மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, எண்ணெயில் தோய்த்து மாட்டவேண்டும்.

அன்றைக்குத் திருப்பூரில் கொட்டை நீக்கும் ஜின் பேக்டரிக்குப் பருத்திப் பாரம். பண்ணாடி என் பக்கத்தில். அவர் சம்சாரத்துக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. அதனால் அந்த அம்மா வெயிலுக்கு ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பொதிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். பல்லடம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி இருமி நின்றது. வலை முழுக்கச் செம்மண்ணும் பஞ்சுத் தூசும்.

"அலசி மாட்டோணுமுங்க. ஒரு மணி நேரம் ஆகுமுங்க."

"அதுக்குள்ள ஜின் பேக்டரியில கேட்டைச் சாத்திப்போடுவான். பொறத்தால அத்தனை பருத்தி இருக்குது. வலைக்குப் பதிலா ரெண்டு கை அடைச்சு ஓட்டுப்பா."

"எஞ்சின் தீயைத் திருப்பி அடிச்சா பஞ்சு பத்திக்குமுங்க. மேல அம்மா இருக்கறாங்க."

"உன்னைப் பெத்தப்பவே உங்காத்தா பயந்துபோட்டா போல!" சிரித்துக்கொண்டே அவரே பருத்தியைப் பிடுங்கி அடைத்தார்.

எஞ்சினைக் கிளப்ப நான் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் 'டப்' என்றது. டப்பியிலிருந்து முழ உயரத்துக்குத் தீ. காற்று பாரத்தின் பக்கம் அடித்தது. பண்ணாடி வண்டியிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"தண்ணி வேண்டாமுங்க, பெட்ரோலு!"

கத்தினேனே தவிர கால் நகரவில்லை.

"இந்தாப்பா, புடி!" மேலேயிருந்து ஈரச்சாக்கு என் தோளில் வந்து விழுந்தது. அதை அப்படியே தீயின் மேல் வைத்து அமுக்கினேன். புகை அடங்கும்வரை கையை எடுக்க முடியவில்லை.

அந்த அம்மா இறங்கி வந்து, கருகிய பருத்தியை எடுத்துப் பார்த்தார். குரல்கூட உயரவில்லை.

"ஏனுங்க, இனி நான் முன்னால உக்காந்துக்கறேன். நீங்க மேல ஏறுங்க."

"உனக்கு வாந்தி வருமே புள்ள..."

"வந்தா வரட்டுமுங்க."

பக்கத்துத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் வாங்கி வலையை அலசினேன். காயும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பண்ணாடி வேட்டியை மடித்துக்கட்டிப் பொதிமேல் ஏறினார். அப்புறம் எஞ்சின் லேசாகச் செருமினாலும் போதும், மேலேயிருந்து குரல் வரும்: "மெல்லப் போ சாமி! ஜின் பேக்டரி எங்கியும் ஓடிப்போகாது!" அந்த அம்மா வெளியே தலையை நீட்டிக் குமட்டுவதற்கு நடுவில் சிரித்தார். எனக்கு ஏது சிரிப்பு? ஸ்டியரிங்கெல்லாம் வேர்வை.

அந்த லாரிக்குக் கதவும் இல்லை, முதுகுப் பக்கம் பலகையும் இல்லை. பாரத்தின் மேல் ஒருவர் பெருமூச்சு விட்டாலும் ஓட்டுகிறவன் காதில் விழும். மகன் வண்டியில் நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே பாட்டு. பின்னால் பாரத்தின் மேல் நின்று ஒருவர் உயிர்போகக் கத்தினாலும் ஓட்டுகிறவனுக்குக் கேட்காது.