ஆளுக்குப் பாதி டேலியா

மகாசிவராத்திரி வாரத்தில் பம்பாய் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கப் போனால் நடைபாதை முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். விரதத்துக்காக ஊரே அதை அவித்துத் தின்னும். எனக்கு விரதமும் கிடையாது, சிவராத்திரியும் கிடையாது. திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் கிழங்கு மலிவாகக் கிடைக்கிற பண்டிகையை விட மனம் வருமா? அரைக் கிலோ கேட்டேன். கடைக்காரப் பெண் ஒரு கொத்தைத் தூக்கி, காம்போடு ஒட்டியிருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக ஒடித்துத் தராசில் போட்டாள். பட், பட் என்று சத்தம்.

“ஐயோ, ஒடிக்காதீங்க!” என்று கத்திவிட்டேன். பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்து ரிட்டயர் ஆனது எல்லாம் இந்த ஊரில்தான். பதறினால் மட்டும் தமிழ்தான் வருகிறது.

“காய் ஜாலா, மாவ்ஷி?” என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டு அவள் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் என்ன சொல்ல முடியும்? இதே சத்தத்தை முன்பு ஒரு மத்தியானம் கேட்டிருக்கிறேன், அன்று வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை என்றா? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் கிழங்கு விற்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு டேலியா வந்ததே சாப்பாட்டுச் சாமானாகத்தான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பார்சிக்காரர் ஒருவர், தன்னை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்காகச் செய்தித்தாளில் சுற்றிய மூன்று கிழங்குகளை அம்மா கையில் கொடுத்திருக்கிறார். டூட்டி மாறுகிற அவசரம். அம்மா என்ன ஏது என்று கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றைக் கழுவி உப்புப் போட்டு அவித்துவிட்டாள். அப்பாதான் தின்றார். “என்னட்டி, பார்சிக்காரங்க சீனிக்கிழங்கு இப்படிச் சப்புன்னு இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே முழுசையும் தின்று முடித்தார். சாப்பாட்டை மிச்சம் வைத்து அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் இதைக் கேட்ட பார்சிக்காரர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு அது பூச்செடி என்று சொல்லி, ஒரு பாடமும் நடத்தியிருக்கிறார். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கு அப்படி இல்லை. கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அதில் ஒன்றும் கிடையாது. பழைய தண்டோடு அது சேருகிற கழுத்தில்தான் கண் இருக்கும். பிரிக்கும்போது தண்டுக்கட்டையில் ஒரு சில்லாவது கிழங்கோடு சேர்ந்து வர வேண்டும். கட்டை போனால் எல்லாம் போச்சு.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த இரண்டு கிழங்கையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா எனக்கு அதைக் காட்டினாள். “இந்தா, இந்தக் கழுத்துல பாத்தியா, குண்டூசித் தல மாதிரி. இதுதான் கண்ணு.” நான் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். அண்ணன் வீட்டில் இல்லை. டியூஷனுக்குப் போயிருந்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செம்பூரில் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தோம். அடுக்களைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்று எட்டு வைக்கிற அகலத்தில் ஒரு மண்துண்டு. மேல்மாடிக்காரர்கள் துணி காயப்போட்டால் கிளிப்பும் கைக்குட்டையும் விழுகிற இடம். அதுதான் தோட்டம். கணபதியைக் கடலில் கரைத்த பிறகு மழை ஓயும். அம்மா கிழங்கை எடுத்து நடுவாள். கிறிஸ்துமஸுக்கு முதல் பூ விரிய வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

அப்பாவுக்கு உரத் தொழிற்சாலையில் வேலை. நர்ஸ் வைத்த செடிக்கு உரக்காரன் சும்மா இருப்பானா? இரண்டாம் வருடம் அம்மா டூட்டிக்குப் போன நேரமாகப் பார்த்து யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டார். செடி என்னமாய் வளர்ந்தது தெரியுமா! என் தோள் உயரத்துக்கு, கரும்பச்சையாக, அடர்த்தியாக. வருகிற போகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். டிசம்பர் வந்தது, போனது. பொங்கலும் வந்தது. ஒரு மொட்டு இல்லை. எல்லாம் இலை.

“பதினெட்டு வருசமா யூரியா மூட்டைக்கு நடுவுல நிக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றார்.

“அப்ப கீரன்னு நெனச்சி கூட்டு வச்சித் தாரேன், திங்கிய?” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் பல் தேய்க்க மட்டுமே போனார்.

பூ எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். பீட்ரூட் நறுக்கிய கையின் நிறம். இதழ் நுனியில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு வெள்ளை. சாப்பிடுகிற தட்டு அகலத்துக்கு விரியும். வாசனை கிடையாது. அம்மா பிறந்த குடும்பத்தில் பெண்கள் தலையில் பூ வைக்க மாட்டார்கள். வேதத்துக்கு வந்தவர்கள் பூவையும் பொட்டையும் விட்டார்கள், அந்தப் பழக்கம்தான். ஒரு முழம் மல்லிகை வாங்கி அறியாதவள் இவ்வளவு பெரிய பூவை வளர்த்தாள். மேல்மாடி மாமி ஒருநாள், “நீங்கதான் தலைல வச்சுக்க மாட்டேளே, பின்ன எதுக்கு இவ்வளவு பாடு?” என்று கேட்டாள். அம்மா யோசித்துவிட்டு, “பாக்குறதுக்கு” என்றாள். மாமிக்கும் பூஜைக்கு இரண்டு போனது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு வாளித் தண்ணீரில் பூக்களை நிறுத்தி, தாராவியில் இருந்த எங்கள் சபைக்கு பஸ்ஸில் கொண்டுபோவாள். கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று வாளிக்கு முன்னால் நானும் பின்னால் அவளும் நிற்போம். என் பாவாடை நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். கோயிலில் பெண்கள் சுற்றி நின்று, “பிளாஸ்டிக் பூ மாரி லா இருக்கு!” என்பார்கள். அவர்கள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

அந்த அகலப் பூவுக்கு ஒரு கொடுமை செய்ய வேண்டும். ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டு வரும். நடு மொட்டை வைத்துக்கொண்டு இரு பக்கத்தையும் கிள்ளிப் போட வேண்டும். எனக்கு அது பிடிக்காது. பட்டாணி போல உருண்டு நல்லாத்தானே இருக்கிறது, ஏன் கிள்ளுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “எல்லாத்தையும் விட்டா எல்லாம் சூம்பிப் போவும். ஒண்ணு நல்லா வரணும்னா மத்ததக் கிள்ளத்தான் செய்யணும்” என்றாள். அடுத்த வருடமே அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தான். என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். நான் அண்ணனைவிட நல்ல மார்க் வாங்கியிருந்தேன். இந்த வயதில் மார்க்கைப் பற்றிப் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

மழைக்காலம்தான் கிழங்குக்கு எமன். பம்பாய் மழையில் தலையணை நாறும், தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு தண்ணீராகும். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு என்ன ஆகும்? ஏப்ரலில் பூ ஓய்ந்ததும் கொத்தோடு தோண்டி எடுத்து, பிஸ்கட் டின்னில் காய்ந்த மணலுக்குள் புதைத்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைப்பாள். வீட்டிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். என் ஈர யூனிஃபார்மை அங்கே போட்டால் அடி விழும். ஜூலையில் வாரம் ஒருமுறை டின்னைத் திறந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். அழுகின இடத்தைச் சீவி, இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரித்தூளைத் தடவுவாள். அந்தக் கரியும் மணலும் சேர்ந்த வாசனைதான் எனக்கு மழைக்காலம். இப்படி முப்பத்தைந்து மழையை அந்தக் கிழங்கு தாண்டியது. அப்பா இறந்த வருடமும் அது பூத்தது.

பிறகு எங்கள் கட்டடத்தை இடித்து உயரக் கட்டப்போவதாக பில்டர் வந்தான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சமயம்தான் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு, சுனாபட்டியில் அண்ணன் வாடகைக்கு இருந்த பதினோராவது மாடியில் படுக்கையாகிவிட்டாள். நான் மான்குர்தில் என் வீட்டுக்காரரோடு ஒற்றை அறையில். புது வீடு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, “அண்ணனுக்கு ரெண்டு பயலுவ இருக்கானுவ லா” என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. நானும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

வீட்டைக் காலிசெய்ய வேண்டிய வாரம் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். கட்டில், பீரோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “கெழங்க மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. ஆளுக்குப் பாதி வச்சுக்கிடுங்க. ரெண்டு எடத்துல இருந்தா ஒரு எடத்துலயாவது பொழச்சிக்கிடும்” என்றாள்.

ஏப்ரல் மத்தியானம். அண்ணனே தோண்டினான். மூன்று நல்ல கொத்துகள். அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அடுக்களை வாசற்படியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். நான் எதிரே. கொத்தைக் கையில் எடுத்து, தண்டுக்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிழங்கை ஒடித்தான். பட். “இது ஒனக்கு.” பட். “இது எனக்கு.” பெரிசுக்குப் பெரிசு, சிறிசுக்குச் சிறிசு, கையில் தூக்கி எடை பார்த்து இரண்டு குவியலாக வைத்தான். ஒரு கிழங்கு கூடுதலாக வந்தபோது, “நீ எடுத்துக்கட்டி, நீதான எளையவ” என்றான்.

அந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு முழுசாக அவனுக்கு. கிழங்கில் மட்டும் எடை பார்த்துச் சரிபாதி, போதாததற்கு எனக்கு ஒன்று கூடுதல்! முதல் கிழங்கு ஒடிந்தபோதே எனக்குத் தெரியும். அது கழுத்தில் ஒடிகிறது, கண் கட்டையிலேயே நின்றுவிடுகிறது என்று தெரியும். அவன் டியூஷனில் இருந்தான், நான் அம்மா மடிக்குப் பக்கத்தில் இருந்தேன். “நில்லுண்ணே, அரிவாள்மணை எடுத்துட்டு வாரேன்” என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்கும் முளைக்காது என்று தெரியும். அவனுக்கு முளைக்கக் கூடாது என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்று கட்டையையும் அண்ணன் வெறும் காய்ந்த தண்டு என்று நினைத்துக் காம்பவுண்டுக் குப்பையில் போட்டான். இரண்டாவது கொத்தின்போது சொல்லியிருக்கலாம். மூன்றாவதின்போதாவது சொல்லியிருக்கலாம்.

மழை முழுக்க என் பங்கு ஒன்றுகூட அழுகவில்லை. கொழுகொழுவென்று கிடந்தன. அக்டோபரில் ஜன்னல் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டேன். தெரிந்துகொண்டேதான் விட்டேன். நவம்பரில் தோண்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை. கண்ணில்லாத கிழங்கு அப்படித்தான், சாகாது, வேர் விட்டுக்கொண்டு கிடக்கும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனேன். அண்ணன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, ஒங்க வீட்டுல மொளச்சிட்டா?” என்று படுக்கையிலிருந்து அம்மா கேட்டாள்.

“மொளச்சிட்டும்மா. ரெண்டு எல விட்டுருக்கு.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். நாற்பது வருடம் நோயாளிகளின் பொய்யைக் கேட்டவள். “அண்ணன் வீட்டுது வேரு மட்டும் விட்டுருக்காம். கட்டைய என்னல செஞ்சன்னு கேட்டேன். குப்பையில போட்டேங்கான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.”

நான் அவள் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

“நீ அங்கனதான இருந்த?”

ஃபேனைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிப்ரவரியில் போய்விட்டாள். அதற்கு நடுவே கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அழுது சொல்லியிருப்பேன்.

இப்போது அந்த இடத்தில் இருபத்தி இரண்டு மாடி. அடுக்களைக்குப் பின்னால் இருந்த மண்துண்டில் கார்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி நிறுத்துகிற இயந்திரம் நிற்கிறது. எங்களிடம் அந்தப் பூவின் கலர் போட்டோ ஒன்றுகூட இல்லை. நர்சரியில் போய் பீட்ரூட் நிறம், நுனியில் வெள்ளை என்று விவரித்தால், “மெரூன் ஹை நா, ஆன்ட்டி” என்று எதையோ காட்டுகிறான். அது இல்லை.

அண்ணனுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். கிழங்கை அவிக்கப் போட்டிருந்தபோது இன்றைக்கும் பண்ணினான். பால்கனியில் வாங்கி வைத்த டேலியா வாடிவிட்டதாம். “அம்மா கெழங்கு மாரி வராதுட்டி. அன்னைக்கி நான் தொட்டி வாங்குன கடக்காரன் தந்த மண்ணு சரியில்ல. அவன்தான் கெடுத்துட்டான்” என்றான். ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வான்.

“ஆமாண்ணே, மண்ணுதான் சரியில்ல” என்றேன், வழக்கம்போல.