பன்னச் செடியின் புள்ளிகள்

தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்திலிருந்து படித்துப்போய்த் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்த முதல் ஆள் நான். உதவிக் கிளாக்கர் வேலை கிடைத்த சில மாதங்களில், தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் ஜன்னலோரம் வைத்தார். பங்களாவின் கணப்புச் சூட்டில் செடி வாடுகிறதாம்.

"வெயில் படக் கூடாது. மண் காயக் கூடாது. நான் வர்றவரைக்கும் நீ பாத்துக்கோ" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார்.

அது பன்னச் செடி, பூக்காத பெரணி வகை. எங்கள் மலையில் ஓடைக்கரையெல்லாம் தானாக முளைப்பது. அம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டாள்.

"நாங்க களைன்னு புடுங்கி எறியிறோம். ஒங்க ஆபீசுல அதுக்குத் தண்ணி ஊத்துறீங்களாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செடி செத்தால் வேலை போகும் என்றே நினைத்திருந்தேன். தினமும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன், இலைகளில் நீர் தெளிப்பேன். ஒரு சனிக்கிழமை இலையொன்றைத் திருப்பினேன். அடிப்பக்கம் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்து மலை மலையாக மருந்தடித்துக்கொண்டிருந்த காலம் அது. இதிலிருந்தும் பரவிவிட்டால்?

தொட்டியைச் சாக்கால் மூடி வீட்டுக்குத் தூக்கிப்போனேன். அப்பா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாசல் வெளிச்சத்தில் இலையைப் பிடித்துப் பார்த்தார்.

"அடியோட வெட்டிருவோம்டா. புதுசாத் துளிர்க்கும்."

"துளிர்க்கலன்னா?"

"நான் வெட்டித் துளிர்க்காத செடி எதுடா?"

கவ்வாத்துக் கத்தி ஒரே இழுப்பில் எல்லா இலையையும் எடுத்தது. அவற்றை அடுப்பில் போட்டோம்.

திங்கட்கிழமை தொட்டியை ஆபீஸ் ஜன்னலில் திரும்ப வைத்தேன். பெரிய கிளாக்கர் பார்த்தார். "என்ன தம்பி, செடிக்கு எந்தக் கோயில்ல மொட்ட போட்டீங்க?"

நாட்கள் போயின. கறுத்த கட்டை அப்படியே இருந்தது. துரைசாணியை அழைத்துவரக் கார் நானுஓயா ஸ்டேசனுக்குப் போன காலையில், அதன்மேல் மயிர் அடர்ந்த பழுப்புச் சுருள்கள் தெரிந்தன. கம்பளிப்பூச்சி என்று கிள்ளப்போனேன். கார்ச் சத்தம் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"யார் வெட்டினது?" என்றார் துரைசாணி.

அப்பாவைச் சொன்னால் அவர் கையில் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும்.

"நான்தாங்க. நோய்ப் புள்ளி இருந்துச்சுங்க."

"நோய் இல்ல. அது அதோட விதை மாதிரி." சுருளொன்றை விரலால் தொட்டார். "இது புது இலை." முகத்தில் சிரிப்பு இல்லை. "தொரைகிட்டப் பேசணும்" என்று போய்விட்டார்.

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆபீஸ் வாசலிலேயே நின்றேன்.

"ஏன் தம்பி அங்கேயே நிக்கிறீங்க? வேல கெடக்கு, வாங்க" என்றார் பெரிய கிளாக்கர். "தொரசாணி சொல்லிட்டாங்க. செடி இனிமேயும் ஒங்க பொறுப்புத்தானாம்."

வேலை போகவில்லை. ஆனால் விதையை நோயென்று எரித்த வெட்கத்தில் அன்று மாலைவரை நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.