வெட்டி எறிந்த வெள்ளை ஓரம்

1. டிப்ளோமா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கண்ணாடியை உடைத்தேன். மலேசியாவில், ரவாங் ஊரில் உள்ள ஒரு பிரேம் கடை அது. சாமி படம், கல்யாணப் படம், பட்டச் சான்றிதழ், இறந்தவர் படம், இவைதான் அங்கே வேலை. உடைந்தது ஒரு முருகன் படத்துக்கு வெட்டி வைத்திருந்த கண்ணாடி. முதலாளி சேகரண்ணன் திட்டவில்லை.

"மொத நாளே முருகனுக்குக் காத்தோட்டமா வெச்சிட்டியா? சரி லா, கூட்டி அள்ளு. கையில குத்திக்காத."

என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிப் பொறுக்கும் வேலை. நான் கிராபிக் டிசைனில் டிப்ளோமா வாங்கினேன். முதல் சம்பளம் வந்ததும் அந்தச் சான்றிதழை என் கையாலேயே பிரேம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டினேன். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். அதனால்தான் சேகரண்ணன் என்னை 'டிப்ளோமா' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிதான். எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சி தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். என் வேலையில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. இங்கே சொல்லப்போவது அதில் சேராது.

2. கர்ட்டன் துணி

இரண்டாவது வருஷம் சேகரண்ணனிடம் ஒரு சுவர் கேட்டேன். சொந்தமாக வரைந்து, சொந்தமாக அச்சடித்து விற்கும் ஓவியர்களின் படங்களை அங்கே மாட்டலாம் என்றேன். "விக்கலன்னா அந்த எடத்துல மறுபடியும் லட்சுமி வந்துரும், பாத்துக்க," என்று சொல்லிச் சுவரைக் கொடுத்தார்.

வாடிக்கையாளர்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. ஓர் ஆண்ட்டி கர்ட்டன் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டு வந்து, "இதே கலர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் அவரிடம் சொன்னதை இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். கர்ட்டன் இரண்டு தீபாவளிக்கு மேல் தாங்காது, படம் இருக்கும். முதலில் நான்கு அடி தள்ளி நில்லுங்கள். பிறகு மூக்கு தொடுகிற அளவுக்குக் கிட்டே வாருங்கள். கையால் அழுத்தி எடுத்த அச்சு என்றால் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மை லேசாக மேடு தட்டி நிற்கும். ஒரு பிரதியில் இருக்கும் கறுப்பு அடுத்த பிரதியில் அப்படியே இருக்காது. கடையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தப் படத்திடம் கால் தானாகத் திரும்பி வருகிறதோ, அதை எடுங்கள்.

இவ்வளவும் சொல்லத் தெரிந்தது எனக்கு. படத்தின் அடியில் இருக்கும் வெள்ளை ஓரத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

3. அஞ்சலையின் பூட்ஸ்

அந்தச் சுவருக்கு வந்த படங்களில் சிறந்தவை தாரணியுடையவை. பக்கத்து ஊரான கெர்லிங்கைச் சேர்ந்த பெண், என்னைவிட மூன்று வயது சின்னவள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் லினோ தகட்டைச் செதுக்கி, மை பூசி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுப்பாள். ஒரு படத்தில் பத்துப் பிரதிதான். பிறகு தகட்டின் குறுக்கே கத்தியால் பெரிய கோடு போட்டுவிடுவாள்.

"ஏன்டி கெடுக்குற? இன்னும் அம்பது அடிக்கலாமே," என்றேன்.

"பத்துன்னு எழுதி வித்துட்டு பதினொண்ணாவது அடிச்சா அது களவாணித்தனம் அக்கா."

ஒவ்வொரு பிரதியின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் எழுதுவாள். இடது பக்கம் பத்தில் எத்தனையாவது பிரதி என்ற எண், நடுவில் படத்தின் பெயர், வலது பக்கம் கையெழுத்து.

அவள் கொண்டு வந்த ஒரு படத்தில், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நட்ட இரண்டு குச்சிகளில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. உரம் போடுகிறவர்களின் பூட்ஸ். குதிகாலில் ஒட்டுப் போட்டிருப்பதுகூடத் தெரிந்தது. 'அஞ்சலையின் பூட்ஸ்' என்று பெயர். அஞ்சலை அவளுடைய அம்மா. பத்தில் ஆறு கோலாலம்பூரில் ஒரு சந்தையில் விற்றுப் போயின. யார் வாங்கினார்கள் என்று அவளுக்கே தெரியாது. மீதி நான்கும் எங்களிடம் வந்தன.

கடைக்கு வரும் எங்கள் ஆட்கள் ஒருவரும் அதை வாங்கவில்லை. "கால்ல போடுறத செவுத்துல மாட்டுறதா?" என்றார் ஒருவர். இன்னொருவர் அடியில் இருந்த பென்சில் எழுத்தைக் காட்டி, "புள்ளைங்க கிறுக்கி வெச்ச மாதிரி இருக்கு லா," என்றார்.

இரண்டாவதாகச் சொன்னதைச் சரி செய்ய முடியும் என்று நினைத்தேன். டிசைன் படித்தவள் இல்லையா? நான்கு படங்களையும் மேசையில் போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, வெள்ளை ஓரத்தை நாலு பக்கமும் வெட்டி எடுத்தேன். படம் மட்டும் ரெடிமேட் பிரேமில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட்டேன்.

அடுத்த வாரம் தாரணி வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலையுமா அக்கா?"

"இப்பதான் லுக்கு வந்திருக்கு. விக்கும் பாரு."

போகும்போது, "அடுத்தவாட்டி என்னைய ஒரு வார்த்த கேளுங்க," என்றாள். அவளுக்கு வியாபாரம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4. ஒரு வாரத் தவணை

ஐந்து மாதம் கழித்துத் தாரணிக்கு டெங்கி வந்தது. மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தாள். ஐந்தாவது நாள் இல்லை. அப்போதும் நான்கு பூட்ஸ் படங்களும் சுவரில்தான் இருந்தன.

கருமாதி முடிந்த மறுவாரம் ஓர் அம்மா கடைக்குள் வந்தார். கையில் குடை, துணிப்பை.

"நான் தாரணியோட அம்மா. கெர்லிங்லருந்து பஸ்ல வரேன். என் பேரு போட்ட படம் ஒண்ணு இங்க இருக்காமே?"

நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"எனக்குன்னு மொதல்ல கொண்டாந்து குடுத்தாம்மா. சாமி இருக்குற வீட்டுல சப்பாத்த மாட்டுவாங்களாடி, கொண்டு போன்னு நாந்தான் வெரட்டுனேன். உன் பேர எழுதியிருக்கேன்மா, பாரேன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப அதப் பாக்கணும். அவ கையால எழுதுனது."

படங்கள் அவருக்குப் பின்னால்தான் தொங்கின. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ரெடி பண்ணி வெக்கிறேன்மா. அடுத்த வாரம் வாங்க," என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படத்தைப் பிரேமிலிருந்து கழற்றினேன். படத்தைச் சுற்றிலும் வெள்ளை ஓரம் மாதிரித் தெரிய மவுண்ட் அட்டை வெட்டினேன். அடியில் மட்டும் அகலமாக விட்டேன். தாரணியின் வேறொரு படத்தை எதிரே வைத்து, அதில் இருந்த அவள் எழுத்தைப் பார்த்து, அந்த அட்டையில் பென்சிலால் 'அஞ்சலையின் பூட்ஸ்' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நன்றாகவே வந்தது.

சேகரண்ணன் பின்னால் நின்றிருந்தார். "என்ன டிப்ளோமா இது?"

"தோட்டத்து அம்மாதானேண்ணே, படிக்கத் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க என்னை டிப்ளோமா என்று கூப்பிடவில்லை.

5. அந்த எழுத்து

அஞ்சலையம்மா சொன்ன நாளில் வந்தார். படத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார். "ஒட்டுப் போட்டதக்கூட விடல பாரு, கழுத." பிறகு விரலைக் கண்ணாடிமேல் வைத்து, எழுத்துக்குக் கீழே மெதுவாக நகர்த்தினார். விரல் நின்றது.

"இது அவ எழுதுனது இல்லியே."

படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா எம் பேரு தெரியும். பேங்க்ல கைநாட்டு வெக்கக் கூடாதும்மான்னு, அவ ஆறாவது படிக்கிறப்ப ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தா. அதப் பாத்துப் பாத்து ஒரு வருஷம் எழுதுனேன். இது வேற ஆளு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு படத்திலும் ஓரத்தை வெட்டியதை, குப்பையில் போட்டதை, மற்ற ஆறும் யாரிடம் இருக்கின்றன என்று தெரியாததை, தகடு கோடு போட்டுக் கெடுக்கப்பட்டுவிட்டதை, இதை நான் எழுதியதை.

அவர் படத்தை மேசையில் வைத்தார்.

"ஒரு பென்சில் குடு," என்றார்.

மேசையில் கிடந்த அட்டைத் துண்டை இழுத்து, நின்றபடியே குனிந்து எழுதினார். நேரம் எடுத்தது. நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அஞ்சலை. கடைசி எழுத்தின் வால் மேலே வளைந்து நின்றது. அது எனக்குத் தெரிந்த எழுத்து. நான்கு தடவை என் கத்தி அதற்குப் பக்கத்தில் போயிருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதைப் படத்தின் ஒரு பகுதியாகப் பார்க்கவில்லை.

"இப்படித்தான் போடுவா," என்றார். அவரே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ எழுத்துதான். ஆனா அவ எழுதல."

என் மவுண்ட் அட்டையைக் கழற்றச் சொன்னார். படத்தை மட்டும் பிரேம் போட்டுக் கொடுத்தேன்.

"எங்கம்மா மாட்டுவீங்க?"

"அவ போட்டோவுக்குக் கீழ. சாமிக்குப் பக்கத்துல. யாரு என்ன சொன்னா எனக்கென்ன."

குடையைக் கக்கத்தில் இடுக்கி, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

6. வெட்டும் மேசைக்கு மேலே

தங்கச்சி தம்பிகளே, வேலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவியர் கொடுத்த தாளில் ஒரு நூல் அகலம்கூட வெட்டாதீர்கள். பிரேம் சிறியதாக இருந்தால் வேறு பிரேம் செய்யுங்கள். மவுண்ட் வைக்கும்போது பென்சில் எழுத்து தெரியும்படி அளவெடுங்கள். வாங்க வருபவர் அதைக் கிறுக்கல் என்றால், அது யாருடைய கை என்று சொல்லிக் கொடுங்கள். வாங்குபவரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

அந்த அட்டைத் துண்டை அஞ்சலையம்மா மேசையிலேயே விட்டுப் போனார். நான் வெட்டும் இடத்துக்கு மேலே அது இருக்கிறது. பிரேம் போடவில்லை. போட எனக்குத் தகுதி இல்லை.

அவர் வந்துபோன அந்த வாரத்துச் சனிக்கிழமை, அப்பா அம்மா இருக்கும் தோட்டத்துக்குப் போனேன். வீட்டு ஹாலில் என் டிப்ளோமா தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்து அம்மா ஏதோ உதவித்தொகைக்கான விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அந்த மைப்பெட்டிய எடு. கைநாட்டு வெக்கணும்," என்றார்.